மொச்சையின் கண்

ஜனவரி 5, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. அரையாண்டு விடைத்தாள் கட்டு பையிலேயே கிடக்கிறது. 41 பாக்கி.

ஹெச்.எம். கூப்பிட்டார்கள். குடியரசு தினத்துக்குள் வளாகத்து மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை. மேலே தமிழ்ப் பெயர், கீழே தாவரவியல் பெயர். “அர்த்தத்தையும் ஒரு வரி போட்டுடலாமா மேடம்?” என்றேன். “அதெல்லாம் எதுக்கு டீச்சர், இடம் பத்தாது.” பத்தும். ஒன்றரை அடிக்கு ஒரு அடி தகரம். நான்கு வரி தாராளமாக எழுதலாம். பதில் பேசாமல் வந்துவிட்டேன். ஏன் வந்தேன்? இப்போதுவரை அதே எரிச்சல்.

மத்தியான வெயிலில் சுற்றி எண்ணினேன். 23 மரம். 14 வகை.

பாப்பாவுக்குக் கீழ்வரிசை முன்பல் ஆடுகிறது. அப்பாவுக்கு இருமல்.

ஜனவரி 6, செவ்வாய்

பூவரசில் ஆரம்பித்தேன். கிணற்றடியில் நிற்கிற கிழட்டு மரம். தெஸ்பீசியா பாப்புல்னியா. முதல் பாதி கிரேக்கம்: தெய்வீகமானது. பின்பாதி லத்தீன். பாப்புலஸ் என்றால் பாப்ளர் மரம். இலை அதைப்போல இருக்கிறதாம். பெயர் வைத்தவர் பார்த்து வளர்ந்த இலை பாப்ளர். நான் பார்த்து வளர்ந்தது, சுருட்டிப் பீப்பீ ஊதிய இலை.

ஆங்கிலத்தில் போர்ஷியா மரம். ஷேக்ஸ்பியர் நாடகத்துப் போர்ஷியா என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. பூவரசு என்ற நம் சொல்லே வெள்ளைக்காரர் வாயில் தேய்ந்து போர்ஷியா ஆயிற்று. இதைப் பலகையில் எழுதாமல் எப்படி விடுவது?

விடைத்தாள் 9 திருத்தினேன். பல் ஆடுகிறது. தொடவிட மாட்டேன் என்கிறாள்.

ஜனவரி 7, புதன்

ஒன்பதாவது பி. செம்பருத்தியைப் பிரித்துக் காட்டினேன். ஆளுக்கு ஒரு பூ, ஒரு குண்டூசி.

மகரந்தத்தாள். ஸ்டேமன். பிள்ளைகள் சொல்லை விழுங்கித் திருப்பிக் கக்கினார்கள். அங்கே நிறுத்தினேன். லத்தீனில் ஸ்டாமென் என்றால் பாவு நூல். பழைய ரோமத் தறி படுத்திருக்காது, நிற்கும். மேலிருந்து தொங்குகிற நூல் அது. அதன் பன்மை ஸ்டாமினா. மனித ஆயுளையும் நூற்று வைத்த நூல் என்றே அவர்கள் நினைத்தார்கள். பி.டி. சார் மைதானத்தில் கத்துகிற ஸ்டாமினா அதுதான்.

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். ஜூன் மாதத்திலிருந்து வாயே திறக்காதவன். “எங்க வீட்ல தறி இருக்கு டீச்சர். பாவுல நூல் அறுந்தா அம்மாதான் பிணைக்கும்.” சொல்லிவிட்டுப் பூவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

பிஸ்டில்: பிஸ்டில்லும், உலக்கை. போலன்: சலித்தெடுத்த மெல்லிய மாவு. ஒரு பெண் மகரந்தத்தை விரலில் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டாள். தறி, உலக்கை, மாவு. ஒரு பூவுக்குள் ஒரு வீடே இருக்கிறது. இருபது வருஷமாக இதைச் சொல்லாமலா பாடம் எடுத்தேன்?

சந்தோஷம். தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி 8, வியாழன்

பவளமல்லி. இந்தப் பருவத்தின் கடைசிப் பூக்கள். காலையில் ஏழெட்டுதான் கிடந்தன.

நிக்டாந்தஸ் ஆர்பர்-ட்ரிஸ்டிஸ். இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ புரள்கிறது. கல்லூரி முதல் வருஷம், எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ட்ரிஸ்டைஸ் என்றேன். வகுப்பே சிரித்தது. பாடம் எடுத்தவரும் சிரித்தார். அந்த வருஷம் முழுக்க எனக்கு அதுதான் பட்டப்பெயர். லத்தீனைத் தாய்மொழியாகப் பேச இன்று உலகில் ஒருவரும் இல்லை. சிரித்தவர்களுக்கு அது எவ்வளவு சொந்தமோ எனக்கும் அவ்வளவு சொந்தம். அன்றைக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

ஆர்பர் மரம். ட்ரிஸ்டிஸ் சோகம். ராத்திரி பூத்து விடிவதற்குள் உதிர்த்துவிடுவதால் சோக மரம். லின்னேயஸ் 1753இல் அச்சேற்றிய பெயர். நமக்கு அது பவளம். அவர்கள் வெறுங்கிளையைப் பார்த்தார்கள், நாம் கீழே குனிந்து பொறுக்கினோம். இரண்டு பார்வையும் உண்மை. இரண்டும் பலகையில் வர வேண்டும்.

அப்பாவுக்கு உடம்பு சுடுகிறது. 100.4. கஞ்சி குடித்தார்.

ஜனவரி 9, வெள்ளி

பெயின்டர் அண்ணன் வந்தார். நான்கு பலகை காய்ந்துகொண்டிருக்கிறது. அதில் இரண்டு தப்பு. மாவுக்கு மாங்கிஃபெரா என்பதில் நடுவே ஓரெழுத்தைக் காணோம். “புரியாததை எழுதினா கை வழுக்குதும்மா” என்றார். நியாயம்.

அர்த்தம் சொன்னேன். ஃபெர்ரே என்றால் சுமப்பது. மாங்கிஃபெரா, மாங்காய் சுமப்பது. முன்பாதி போர்த்துகீசியர் நம் கரைகளில் கேட்டுப்போன சொல், பின்பாதி லத்தீன். முருங்கை மொரிங்கா ஒலிஃபெரா. மொரிங்கா நம் முருங்கையேதான், ஒலிஃபெரா எண்ணெய் சுமப்பது. விதையில் எண்ணெய். நிலத்தடியில் நீர் சுமக்கும் அடுக்கு அக்விஃபர். பனை, ஃப்ளாபெல்லிஃபெர், விசிறி சுமப்பது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “அப்ப அது சுமக்குறதுங்கிற எழுத்து. அதை விடக்கூடாது.” அப்புறம் எழுதிய ஒன்றிலும் தப்பில்லை.

ஒரு வரி கூடுதலாக எழுத 15 ரூபாய். நானே கொடுத்துவிடுகிறேன். ஹெச்.எம்.மிடம் இன்னும் சொல்லவில்லை.

101. பல் ஆடுகிறது.

ஜனவரி 10, சனி

102.6. காலையில் டாக்டர். மாத்திரை, ரத்தப் பரிசோதனை. மத்தியானம் இறங்கியது, ராத்திரி ஏறிவிட்டது. கரண்ட் இல்லை. பனை விசிறியால் விசிறி விசிறித் தோள்பட்டை கழன்று போகிறது.

பன்னிரண்டு மணிக்கு மேல் பேச ஆரம்பித்தார். ஏர் ஓட்டுகிறார். “ஹோ... ஹோ... வலத்து மாட்டைப் புடி.” நாக்கைச் சொடுக்குகிறார். மாடு விற்றே பதினோரு வருஷம். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தெளிவாக: “மடையைத் தொறந்து விடு. அண்ணன் வயலுக்குப் போவட்டும்.”

பெரியப்பாவோடு பேச்சு நின்று பத்தொன்பது வருஷம்.

பாப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “தாத்தா யார்கிட்டம்மா பேசுறாங்க?” மாடுகிட்ட என்றேன். சரி என்று படுத்துக்கொண்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

மறுபடி டாக்டர். சீட்டில் டெலிரியம் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. “வயசானவங்களுக்குக் காய்ச்சல் ஏறினா இப்படி வரும், பயப்படாதீங்க.” பயமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கை தானாக அகராதிக்குப் போயிற்று. டெ, விலகி. லீரா, உழவுசால். டெலிராரே: ஏர், சாலை விட்டு விலகிப் போவது. புத்தி தடுமாறுவதற்கு ரோமர்கள் வைத்த பெயர் இதுதான். மேழி பிடித்தவன்தான் இந்தச் சொல்லைச் செய்திருக்க வேண்டும்.

அழுதுவிட்டேன். அடுப்படியில், யாரும் பார்க்காமல்.

அப்பா சாலை விட்டு விலகவே இல்லை. ராத்திரி பூரா சாலுக்குள்தான் இருந்தார். வரப்பு வந்ததும் திரும்பினார். மறுசால் பிடித்தார்.

வெர்ஸ் என்கிற சொல்லும் இதே வயலில் முளைத்தது. வெர்ஸஸ், ஏர் திரும்புதல். அதிலிருந்து உழவுசால், அதிலிருந்து எழுத்தின் வரி, அதிலிருந்து செய்யுள். பிதற்றலும் செய்யுளும் ஒரே ஏரின் பின்னால் நடந்து வந்தவை.

101.2. 100.8. 102.

ஜனவரி 12, திங்கள்

தூக்கமில்லை. கண் எரிகிறது. பள்ளிக்குப் போனேன், எதுவும் ஓடவில்லை. அர்த்தமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தமிழ்ப் பெயர், லத்தீன் பெயர், முடிந்தது வேலை. ஹெச்.எம். சொன்னதுதான் சரி. செடிக்குப் பெயர் எதற்கு வந்தது என்று தெரிந்து யாருக்குச் சோறு கிடைக்கப்போகிறது?

வராந்தாவில் அந்தத் தறிக்காரப் பையன் வழிமறித்தான். “இன்னிக்கு என்ன சொல்லு டீச்சர்?” இன்னிக்கு ஒண்ணுமில்லப்பா என்றேன். முகம் சுருங்கிப்போனான்.

101.

ஜனவரி 14, புதன்

போகி. நேற்று எழுதவில்லை. ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். 99.4.

நாளைக் கூட்டுக்கு மொச்சை. ராத்திரியே ஊறப்போட்டிருந்தேன். அப்பா திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து தானும் பிதுக்குகிறேன் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. தோல் கையில், பருப்பு கிண்ணத்தில். தோலுக்கு டெஸ்டா. லத்தீனில் ஓடு, மண்சட்டி. பருப்புக்கும் சட்டி உண்டு.

மொச்சையின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கீற்று. காயோடு ஒட்டிக்கொண்டிருந்த இடம். பாடப்புத்தகத்தில் விதைத்தழும்பு. ஹைலம். ஹீலும் என்றால் அற்பத்திலும் அற்பம். பயற்றில் ஒட்டியிருக்கும் அந்தத் துணுக்கு என்றே பழைய ரோம உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். நே ஹீலும், அது கூட இல்லை. சுருங்கி நிஹில், சூனியம். அதிலிருந்து ஆங்கிலத்தில் அன்னைஹிலேட், அடியோடு அழிப்பது. குண்டு போடுகிறவர்கள் சொல்கிற சொல். மொச்சையின் கண் அளவுகூட மிச்சம் வைக்காமல்.

நாமும் எள்ளளவும் இல்லை, தினையளவும் இல்லை என்கிறோம். இல்லாததை அளக்க விதையை எடுத்தவர்கள் நாம் மட்டும் இல்லை.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “இதும் ஓரமா ஊசி குத்துனாப்ல ஒரு ஓட்டை இருக்கும் பாரு. தண்ணி அது வழியாத்தான் உள்ள போவும்.” இருக்கிறது. தாவரவியலில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. அப்பா அஞ்சாவதுவரை படித்தவர்.

அர்த்தம் எழுதத்தான் போகிறேன். எல்லாப் பலகையிலும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கிற்று. 98.8. என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்தார். பாப்பா கரும்பை இந்தப் பல்லால் கடிக்க முடியாமல் அழுதாள். சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். எதிர்வீட்டில் மாடு குளிப்பாட்டினார்கள். அப்பா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பெக்குஸ், கால்நடை. பெக்கூனியா, பணம். ஆங்கிலத்தில் பெக்யூனியரி. கேபிடலும் கேட்டிலும் ஒரே சொல்லின் பிள்ளைகள். வள்ளுவர் மாடு என்பதைச் செல்வம் என்ற பொருளில் ஆண்டிருக்கிறார், கல்வி அதிகாரத்துக் கடைசிக் குறளில். வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வெறும் மதிப்பெண்ணுக்கான சொற்பொருளாக. அப்பா மாட்டை விற்ற அன்று தொழுவத்தில் போய்ப் படுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. விற்றது செல்வத்தை. கையில் வந்தது காசு.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். யாரும் வரவில்லை.

ராத்திரி பூரா ஒரே சொல். ரைவல். ரீவஸ் என்றால் ஓடை. ரிவாலிஸ், ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன். அதுதான் எதிராளி ஆகிவிட்டது. நம்மூர்ச் சொல்லில் பங்காளி. பங்கு உள்ளவன், அதனாலேயே பகையாளி. முறைத்தண்ணீரில் அரை மணி நேரம் யார் கூடுதலாக எடுத்தது என்பதில் ஆரம்பித்தது. கோர்ட்டுவரை போயிற்று. வக்கீல் பீஸுக்கு அம்மாவின் சங்கிலி.

பிரிவேரிகேட். நழுவிப் பேசுவது, மறைத்துப் பேசுவது. இதுவும் உழவிலிருந்து வந்தது. பிளினி எழுதியிருக்கிறார்: குனிந்து பிடிக்காத உழவன் கோணல் சால் ஓட்டுவான், அந்தச் சொல்லே வயலிலிருந்து வழக்குமன்றத்துக்குப் போயிற்று என்று. அவர் இறந்தது 79இல். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக அதே கோணல். எங்கள் வழக்கிலும் இரண்டு பக்கமும் கோணல் சால்தான் ஓட்டினார்கள். அப்பாவும்தான். இதை எழுதக் கை நடுங்குகிறது. ஆனால் உண்மை.

மடையைத் தொறந்து விடு என்றாரே.

பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு “ம்” என்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

வந்துவிட்டார். பதினொரு மணிக்கு, வேட்டி முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில். செருப்பை விட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

“விட்டுருச்சா?”

“விட்டுருச்சு.”

அவ்வளவுதான். பிறகு பெரியப்பா பாப்பாவின் பல்லை ஆட்டிப் பார்த்தார். என்னைத் தொடவிடாதவள் அவரிடம் வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு பேரும் இந்த வருஷ மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். இரண்டு பேரும் குடித்துவிட்டார்கள்.

98.4. இனி அளக்க வேண்டாம்.

ஜனவரி 19, திங்கள்

டவுனில் செமினார். நாற்காலி முதுகைக் குத்தியது. மூன்று மணி நேரம். பக்கத்து டீச்சரிடம் சொன்னேன்: செமினாரியும் என்றால் நாற்றங்கால். செமென், விதை. “அப்படியா!” என்று நோட்டில் குறித்துக்கொண்டார். நாள் முழுக்க நடந்ததில் அதுதான் பிடித்தது.

அப்பாவிடம் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். “நாத்து வயசு தாண்டிட்டா தூர் கட்டாதும்மா. இருபத்தஞ்சு நாள்ல பறிச்சிடணும்.” என் பிள்ளைகளுக்கு வயது பதினான்கு. பறிக்கிற பருவம் இதுதான்.

பதியன் போடுவதும் இதே வரிசையில் வருகிறது. கிளையை வளைத்து மண்ணில் பதிய வைத்தால் லத்தீனில் ப்ரோபாகோ. ப்ரோபகேஷன் அதிலிருந்து வந்தது. 1622இல் போப் பதினைந்தாம் கிரிகோரி நிறுவிய மதப் பரப்புச் சபையின் பெயரில் ப்ரோபகாண்டா இருந்தது. இன்று அது கட்சிப் பிரசாரத்துக்குப் பெயர். மல்லிகைக் கொடி பதியனிலிருந்து எங்கே போய்விட்டது! சொல்லும் வளைத்த இடத்தில் வேர்விடுகிறது.

ஜனவரி 20, செவ்வாய்

ஹெச்.எம். பலகைகளைப் பார்த்துவிட்டார்கள். “வேண்டாம்னு சொன்னேனே டீச்சர்.” காது சுட்டது. இந்த முறை பேசிவிட்டேன். “மேடம், இது படிச்சவங்க மொழின்னு நம்ம பிள்ளைங்க பயப்படுது. உள்ளே பிரிச்சுப் பார்த்தா உலக்கையும் மாவும் ஏரும்தான் இருக்கு. இதுங்க வீட்டுல இருக்கிற சாமான் மேடம். அதைச் சொல்லிட்டா பயம் போயிடும்.” குரல் உடைந்தது. அவர்கள் பூவரசுப் பலகையை எடுத்து வாசித்தார்கள். இரண்டு தடவை. “போர்ஷியா நம்ம பூவரசா?” பிறகு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 21, புதன்

வகுப்பை வெளியே கூட்டிப்போனேன். வேம்பு, அசாடிராக்டா இண்டிகா. லத்தீன் சட்டை போட்ட பாரசீகம், சுதந்திர மரம். புங்கம், பொங்கேமியா, நம் பெயரேதான். பின்னேட்டா, இறகு போன்றது. ஒரு கூட்டிலையைப் பறித்துக் கோழி இறகோடு வைத்துப் பார்த்தார்கள்.

கொன்றை. காசியா ஃபிஸ்டுலா. ஃபிஸ்டுலா என்றதும் இரண்டு பேர் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பௌத்திர வைத்தியர் விளம்பரத்தில் இருக்கிறதே. சிரிக்கட்டும். லத்தீனில் ஃபிஸ்டுலா என்றால் குழல். இடையன் ஊதும் புல்லாங்குழலுக்கும் அதே பெயர். காய் குழலாக நீளுவதால் மரத்துக்கு அந்தப் பெயர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் கொன்றைக் குழலைப் பாடுகிறார்கள். வெவ்வேறு மொழி பேசிய இரண்டு கூட்டம், ஒரே காயில் ஒரே குழலைக் கண்டிருக்கிறது. சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிரித்தவன் காய்ந்த காயை எடுத்துக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டான்.

புதிதாகக் கண்டுபிடிக்கும் செடிக்கு விவரம் லத்தீனில்தான் எழுத வேண்டும் என்று 1935இலிருந்து விதி இருந்தது. 2012இலிருந்து ஆங்கிலமும் போதும். பெயர் மட்டும் இன்றும் லத்தீன் வடிவில்தான். ஒரு பெண் கேட்டாள்: “நான் ஒரு செடி கண்டுபிடிச்சா நம்ம ஊர் பேர் வைக்கலாமா டீச்சர்?” வைக்கலாம். கடைசி எழுத்தை மட்டும் லத்தீனாக்க வேண்டும்.

பல் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

வாதாமரம் சிவந்துவிட்டது. டெர்மினாலியா. டெர்மினஸ், முடிவு. பஸ் நிற்கிற டெர்மினஸேதான். இலையெல்லாம் கிளை முடிவில் கொத்தாக நிற்பதால். மேசை மேல் ஒரு சிவப்பிலை வைத்திருக்கிறேன்.

காடெரே, விழுவது. டெசிடியூவஸ், இலையுதிரும் மரம். கடூக்கஸ், காலத்துக்கு முன்னே உதிர்வது. ஆக்சிடென்ட், நம் மேல் வந்து விழுவது. பல் டாக்டர்கள் பால்பல்லுக்கும் டெசிடியூவஸ் என்றுதான் எழுதுகிறார்கள். பாப்பாவிடம் சொன்னேன். “அப்ப நான் மரமா?” ஆமா என்றேன். திருப்தியாகப் போய்விட்டாள்.

மார்செசென்ட் என்று ஒரு சொல். வாடியும் உதிராதது. பனையில் காய்ந்த மட்டையெல்லாம் பாவாடை கட்டினாற்போலத் தொங்குகிறதே, அது. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் சிரிக்கவில்லை. குருத்தோலை பக்கத்திலேயே படுத்துக்கொண்டு கதை கேட்கிறது.

அப்பா இன்று தானாகக் கிணற்றடிவரை நடந்தார்.

ஜனவரி 23, வெள்ளி

விழுந்துவிட்டது. இட்லியில். ரத்தம் ஒரு சொட்டு. அழவில்லை.

பெரியப்பா வந்திருந்தார், இரண்டாம் தடவை. அப்பா எதிர்வீட்டில் சாணி வாங்கிவரச் சொன்னார். பல்லை உருட்டிப் பாப்பா கையில் கொடுத்து, கூரை மேல் எறியச் சொன்னார்கள். எட்டவில்லை. பெரியப்பா தூக்கிப் பிடித்தார். அப்பா “ம், இப்ப” என்றார். ஓட்டின் மேல் டக் என்று ஒரு சத்தம்.

ஜனவரி 24, சனி

பலகை கட்டுகிற வேலை. ஆணி அடிக்கலாம் என்றார் வாட்ச்மேன். கூடவே கூடாது என்று கத்திவிட்டேன். மரத்தின் உட்பட்டைக்கு லத்தீனில் லீபெர். அதில் எழுதியதால் புத்தகத்துக்கே லீபெர் என்று பெயர். லைப்ரரி அங்கிருந்து வந்த சொல். நமக்கு ஓலை, ஏடு, இதழ், எல்லாம் செடியின் உறுப்பு. பெயர் எழுதிய தகரத்தைப் புத்தகத்தின் மேலேயே ஆணியால் அறைவதா? தேங்காய் நார்க் கயிறு, வருஷா வருஷம் தளர்த்திக் கட்டலாம்.

அரசமரம், ஃபிகஸ் ரிலிஜியோசா. ரிலிஜியோ எங்கிருந்து வந்தது என்பதில் அந்தக் காலத்திலேயே இரண்டு கட்சி. சிசரோ, திரும்பத் திரும்ப வாசிப்பது என்றார். லாக்டான்டியஸ், கட்டுவது என்றார். இரண்டையும் எழுத இடமில்லை. ‘வணங்கப்படும் அத்தி’ என்று மட்டும் எழுதச் சொன்னேன். அத்தியின் உறவு என்பதே பிள்ளைகளுக்குப் புதுசு.

முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். மிட்டாய். விருந்தினர் பலகைப் பக்கம் வரவில்லை. வராவிட்டால் என்ன.

தறிக்காரப் பையன் அவன் அம்மாவை மரம் மரமாகக் கூட்டிப்போய் வாசித்துக் காட்டினான். லத்தீனை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் சொன்னான். முருங்கையடியில் அந்த அம்மா நின்றுவிட்டார்கள். “முருங்கைக்கு முருங்கைன்னேதான் அவங்களும் பேரு வெச்சிருக்காங்களா?” ஆமாம்மா என்றேன்.

அப்பா பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பவளமல்லி வரைக்கும் வந்தார். பலகையை வாய்விட்டுப் படித்தார். “சோகமெல்லாம் ஒண்ணுமில்ல. இது ராத்திரி வேல பாக்குற மரம். விடிஞ்சா வேலய முடிச்சுக் கீழ போட்டுட்டுப் போவுது.” நிக்டாந்தஸ் என்றால் இரவுப் பூ என்று நான் சொல்லவே இல்லை.

22 பலகை கட்டியாயிற்று. அரசமரத்தின் சுற்றளவுக்குக் கயிறு இரண்டு முழம் குறைகிறது. நாளைக்கு வாங்க வேண்டும்.